கத்தி வைக்காத பட்டி

பட்டியில் சேவல் பெருத்துவிட்டது என்று வாத்து வளர்க்காதவர்களிடம் சொன்னால், பெருத்தால் நல்லதுதானே என்பார்கள். வாத்து மேய்க்கிறவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நூறு பெட்டை வாத்துக்கு ஏழெட்டுச் சேவல் வாத்து போதும். மற்றதெல்லாம் வாலில் இறகு சுருள ஆரம்பித்ததும் கறிக்குப் போய்விடவேண்டும். அதில் பாவ புண்ணியம் பார்க்கிற வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது. ஆரம்பாக்கம் தணிகாசலத்தின் பட்டியில் மட்டும் மூன்று வருஷமாக ஒரு சேவலும் கறிக்குப் போகவில்லை. முட்டை போடுகிற பெட்டை எத்தனையோ, சும்மா தின்றுவிட்டுத் திரிகிற சேவலும் அத்தனை இருந்தது.

காரணம் அவன் பெண்டாட்டி எல்லம்மா வேண்டிக்கொண்டதுதான்.

குழந்தை பச்சையம்மாவுக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் அம்மை போட்டது. உடம்பில் ஊசி குத்த இடமில்லை. கண் இமையின் உள்ளே கூடப் போட்டிருந்தது. அந்தக் குடிசை வரிசையில் அதற்குள் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லம்மா வேப்பிலை மேல் கிடந்த பிள்ளையை அப்படியே ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்து, பெரியபாளையத்து அம்மன் இருக்கிற திக்கைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆத்தா! இந்த உசுர உட்டுடு. எம்பட்டியில ஒரு உசுருமேல கத்தி வெக்கமாட்டேன். கழுத்தத் திருவமாட்டேன். கறிக்கு ஒண்ணு தரமாட்டேன். மூணு வயசு முடிஞ்சி வர்ற ஆடியில உன் வாசல்ல இதுக்கு மொட்டை போட்டு, நான் வேப்பஞ்சீலை கட்டிக்கினு சுத்தி வர்ற வரிக்கும் இது சத்தியம்!"

பிள்ளை பிழைத்துக்கொண்டது. முகமெல்லாம் தழும்போடு, ஆனால் பிழைத்துக்கொண்டது. அந்த வருஷமே மழையும் கொட்டியது. ஏரி நிரம்பி, கழனியெல்லாம் நத்தை. அறுப்பு முடிந்த தாளடியில் சிந்திக்கிடந்த நெல்லைத் தின்று தின்று வாத்துகள் நடக்கமுடியாமல் நடந்தன. வாத்து அடை உட்காராது. ஊரில் யார் வீட்டுக் கோழி அடைக்குப் படுத்தாலும் எல்லம்மா முட்டையோடு போய் நிற்பாள். அத்தனை கோழியும் வாத்துக்குஞ்சு பொரித்தது. பட்டி ஒன்றுக்கு இரண்டாகி, இரண்டுக்கு நாலாகிற மாதிரி ஆனது. ஊரில் தணிகாசலத்தைப் பெரிய பட்டிக்காரர் என்று கூப்பிட்டார்கள். அவனும் மீசையைத் தடவிக்கொண்டான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பெண்டாட்டி சத்தியத்தை அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

எழுபத்து நாலில் ஐப்பசியும் கார்த்திகையும் வெறுமனே போயின. கடல் பக்கமிருந்து மேகம் வரும், ரயில் பாதையைத் தாண்டும், எங்கேயோ ஆந்திராப் பக்கம் போய்விடும். சம்பா நடவில்லை. நடாத கழனியில் அறுப்பேது, தாளடியேது? நத்தைகள் வாயை மூடிக்கொண்டு வெடித்த சேற்றுக்குள் இறங்கிவிட்டன. மாசி பிறந்தபோது ஏரியின் நடுவில் ஒரு களம் அளவுக்குச் சேறு மிஞ்சியிருந்தது. அத்தனை வாத்தும் அந்தச் சேற்றில்தான் விழுந்து புரண்டன.

முட்டை பொறுக்குவது எல்லம்மா வேலை. வெளிச்சம் வந்ததும் வலைப்பட்டிக்குள் குனிந்து நுழைவாள். போன வருஷம் இரண்டு கூடை நிரப்பி ரயிலேற்றியவளுக்கு இப்போது முந்தானையில் கட்டிக்கொண்டு வருகிற அளவுதான் இருந்தது. அன்றைக்கு முந்தானையும் வெறுமையாக இருந்தது. கையில் செத்த பெட்டை ஒன்று தொங்கியது.

"இன்னா ஆச்சு?" என்றான் தணிகாசலம்.

"இன்னா ஆவும்? நேத்து சாய்ங்காலம் அஞ்சாறு சேவலு சேத்துல வெச்சி அமுக்குச்சே, அதான். மூக்கு பூரா சேறு பாரு."

அவன் வாங்கிப் பார்த்தான். பிடரியில் இறகே இல்லை. சேவல்கள் மாறி மாறிக் கவ்விப் பிடித்ததில் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒரு கண் கெட்டிருந்தது. பட்டிக்குள் மிச்சமிருந்த பெட்டைகளில் பாதி இதே கோலத்தில்தான் நின்றன. எல்லம்மா தினமும் மஞ்சள் குழைத்துப் பூசுவாள். பூசின மஞ்சள் காய்வதற்குள் வேறொரு சேவல் வந்து ஏறும். இரை இல்லாமல் வாத்து இளைத்தது ஒரு பக்கம். இளைத்ததை இவை இப்படிக் கொன்றது ஒரு பக்கம்.

"நாஞ் சொல்றத கேளுமே. பாதி சேவல கூடையில போட்டு மெட்ராசுக்கு ஏத்திடலாம்."

"வாயக் கழுவு."

"எத்தினி நாளைக்கு வாயக் கழுவிகினே இருக்கிறது? பொட்டைங்க அல்லாம் செத்துகினே வருது. கத்தி வெக்கலன்ற. தோ, கத்தி இல்லாமலே சாவுது பாரு."

"அது தானா சாவுது. நாம கொன்னா அது வேற."

"செத்துப்போன வாத்துக்கு அதுல இன்னா வேற?"

"வாத்துக்கு இல்லய்யா. புள்ளைக்கு," என்றாள் எல்லம்மா.

பச்சையம்மா குடிசை வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தது. மூன்று வயதுக்குக் கெட்டிக்காரப் பிள்ளை. எந்த வாத்து சேவல், எது பெட்டை என்று தூரத்திலிருந்தே சொல்லும். அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுதலைக் கலை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்குத்தான் நாக்கு வரும்?

மத்தியானம் எல்லம்மாவின் அண்ணன் துளசிராமன் வந்தான். அவனும் வாத்துக்காரன்தான், எளாவூர்ப் பக்கம் பட்டி போட்டிருந்தான். தை பிறக்கும்போதே சேவல்களைக் கழித்து, கிழட்டுப் பெட்டைகளையும் தள்ளிவிட்டு, இருக்கிற ஒரு குட்டைக்குத் தக்கபடி பட்டியைச் சுருக்கிக்கொண்டவன். அவனிடம் மிஞ்சினது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமும் முட்டை போட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சிக்குப் பழவேற்காட்டுக் கருவாடு கொண்டுவந்திருந்தான். எல்லம்மா அதைச் சுட்டு வைத்துக் கூழ் ஊற்றினாள்.

"மாப்ளே, இப்படியே போனா ஆடி வரிக்கும் ஒரு இறகு மிஞ்சாது," என்றான் துளசிராமன், கூழைக் கலக்கிக்கொண்டே.

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு மச்சான்."

"எம்மா, மழ பேஞ்ச வருசம் ஏரி இருந்துச்சி, பட்டி வளந்துச்சி. இப்ப ஏரி வத்திப்பூட்ச்சி. பட்டி வத்தல. எங்கனா ஒரு எடத்துல இடிக்கும்ல? நாமளா கொறச்சா எதை வெச்சிக்கிறது, எதை உடுறதுன்னு நம்ம கையில கீது. அதுவா கொறஞ்சா நல்லதுதான் மொதல்ல போவும்."

"அது தெரியும்ணா."

"தெரிஞ்சிகினு இன்னா பண்ற? பங்குனியில போய் மொட்டை போட்டுட்டு வா. ஆத்தா வோணாம்னா சொல்லப்போறா?"

"ஆடின்னு சொன்னேன். ஆடிதான்."

"நாலு மாசம் முன்ன பின்ன..."

"உனக்கு இன்னாண்ணா, நீ சுளுவா சொல்லிடுவ. நான் வேண்டிக்கினேன், எம்புள்ள பொழச்சிது. நீ வேண்டிக்கினியா?"

சொன்ன பிறகுதான் எல்லம்மாவுக்கு உறைத்தது. அந்த அம்மையில் அந்த வரிசையில் தூக்கிக்கொண்டு போன இரண்டு குழந்தைகளில் ஒன்று துளசிராமனுடையது. அப்போது அவனும் இங்கேதான் இருந்தான். பிள்ளை போனபிறகுதான் எளாவூருக்குப் பெயர்ந்தான்.

அவன் கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"வேண்டிக்கினேன்மா," என்றான். "நானுந்தான் வேண்டிக்கினேன்."

எல்லம்மா அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து போனான். அழுதாளே தவிர, அவள் மனசு மாறவில்லை. அண்ணன் வேண்டிக்கொண்டும் பிள்ளை போனதைக் கேட்டு அவளுக்குப் பயம் இன்னும் கூடியதுதான் மிச்சம். கொடுக்கவும் எடுக்கவும் தெரிந்தவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் தணிகாசலம் மேய்ச்சலுக்கு வழி பார்த்துக்கொண்டு தனியே நடந்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பச்சை தெரிந்தது ஒரே இடம்தான். ஆதிநாராயணனின் பம்புசெட்டுக் கழனி. புதுசாக வந்த குட்டை ரக நெல் போட்டிருந்தார். அந்த நெல்லுக்குப் பூச்சி அதிகம், மருந்தும் அதிகம். கழனியின் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகால் குட்டை. மருந்து அடித்த தண்ணீர் அதில்தான் வடியும். மருந்து தெளிக்கிற மிஷினைக் கழுவுவதும் அதில்தான். ஓரத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அந்தத் துணியைப் பார்த்தால் ஆட்டுக்காரனும் மாட்டுக்காரனும் வாத்துக்காரனும் வழியை மாற்றிக்கொண்டுவிடுவான்.

ஆதிநாராயணன் வரப்பில் நின்றிருந்தார்.

"இன்னா நைனா, வாத்த இட்டுக்கினு வரலியா?"

"வரலிங்கய்யா. சொம்மா பாத்துட்டுப் போலாம்னு."

"இந்தப் பக்கம் மட்டும் உட்றாதப்பா. நேத்துதான் அடிச்சிகீது. கொக்கு ஒண்ணு எறங்குச்சி, எந்திரிக்கவேயில்ல. உன் பொயப்புல மண்ணப் போட்ட பாவம் எனக்கு வோணாம்."

"நமக்குத் தெரியாதுங்களாய்யா?"

திரும்பி நடக்கும்போது அவன் குட்டையைப் பார்த்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு கண்ணில் பட்ட தெளிந்த தண்ணீர். செத்த நத்தைகள் மேலே மிதந்தன. அந்த யோசனை அவனுக்கு அங்கேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துசேருவதற்குள் அதற்கு நியாயமும் வந்துவிட்டது. கத்தி வைக்கவில்லை. கழுத்தைத் திருகவில்லை. கறிக்குக் கொடுக்கவில்லை. வாத்து தானாகப் போகிறது, தானாகக் குடிக்கிறது. இதில் எந்த வார்த்தை மீறிப்போனது? பெரியபாளையத்தாளையே வார்த்தையில் மடக்கிவிடலாம் என்று நினைக்கிற அளவுக்கு அவனைப் பட்டினி கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளலாம். அவனுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"சேவல தனியா பிரிச்சி வேற பக்கம் மேச்சிகினு வரேன்," என்றான் எல்லம்மாவிடம். "பொட்டைங்களுக்கு மேல்வலி தீரட்டும்."

அவள் முகம் மலர்ந்தது. அவன் குனிந்து கோலை எடுத்துக்கொண்டான்.

"இத்த மொதல்லியே பண்ணியிருக்கலாம்ல? ராத்திரிக்கும் தனிப்பட்டி போட்டுடலாம்யா. வலை கிழிஞ்சது ஒண்ணு கீது, நான் தெச்சிடுறேன். ஆடி வரிக்கும் தள்ளிடலாம்."

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகப் பிரித்தார்கள். வால் சுருளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தூக்கி வலைக்கு அந்தப்பக்கம் போட்டார்கள். "இது சேவலு! இது சேவலு!" என்று பச்சையம்மா குதித்தது. தூக்கும்போதெல்லாம் கைக்குள் எலும்புதான் தட்டுப்பட்டது. பிரித்து முடித்ததும் எல்லம்மா பெட்டைகளை ஏரிச் சேற்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். பிள்ளையும் ஒரு குச்சியோடு பின்னால் ஓடியது. தணிகாசலம் சேவல்களை ரயில் பாதை ஓரமாகச் சுற்றி, ஆதிநாராயணன் கழனிக்குக் கொண்டுபோனான். உச்சி வெயில். பம்புசெட் நின்றிருந்தது. கழனியில் ஒருத்தரும் இல்லை.

முதலில் குச்சியைப் பிடுங்கி, துணியோடு தாழம்புதருக்குள் வீசினான். யாராவது கேட்டால் துணியைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு கோலை உயர்த்தி, "பா, பா, பா" என்றான். ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீரைக் கண்டதும் சேவல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு இறங்கின. தலையை முக்கின, இறக்கையை அடித்தன, முதுகில் தண்ணீரை வாரி வாரிப் போட்டுக்கொண்டன. நத்தையை அள்ளி விழுங்கின. அத்தனை நாள் பெட்டைகளைச் சேற்றில் அமுக்கிக் கொன்றவை, குழந்தைகள் மாதிரி விளையாடின. அவன் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். அழுகை வந்தது.

அவன் கணக்கில் விட்டுப்போனது ஒன்று. ஏரிக்கரை அந்த மூலையில் வளைந்து கழனிக்குப் பக்கத்தில் வருகிறது. சத்தம் தாராளமாகக் கேட்கும். தண்ணீரில் இறக்கை அடிக்கிற சத்தத்தை விடத் தாகத்தில் கிடக்கிற வாத்துக்கு வேறென்ன வேண்டும்?

கரைமேல் முதலில் ஒரு பெட்டையின் தலை தெரிந்தது. கழுத்தை நீட்டி ஒரு முறை கத்தியது. அப்புறம் கரை முழுக்க வாத்து.

"போ! போ! ஏய், போ!" தணிகாசலம் கோலைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். ஒரு பக்கம் மறித்தால் மறுபக்கம் வழிந்தன. கால்களுக்கு நடுவில் புகுந்து போயின. இரண்டைப் பிடித்துப் பின்னால் வீசினான், விழுந்த வேகத்தில் எழுந்து திரும்ப ஓடி வந்தன. நொண்டிப் பெட்டைகள் கூட இறக்கையை விரித்துக்கொண்டு சரிவில் உருண்டு இறங்கின.

கரைமேல் எல்லம்மா வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. மூச்சிரைத்தது.

"யோவ், தண்ணி கெடச்சிடுச்சா?" என்று சந்தோஷமாகக் கத்தினாள். "இன்னாத்துக்குய்யா தொரத்துற? குடிக்கட்டும் உடு!"

அவன் குட்டைக்குள் இறங்கிவிட்டான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கையாலும் கோலாலும் அடித்துக் கரையேற்றப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் முதல் சேவலின் கழுத்து தொய்ந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்தியது. பக்கத்தில் இன்னொன்று. எல்லம்மா கரையிலிருந்து இறங்கி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

எப்படித்தான் தெரியுமோ, ஊர் கூடிவிட்டது. சாக்கோடு வந்தவர்களும் உண்டு. பஞ்ச வருஷம், செத்த வாத்து என்றாலும் கறி கறிதான். எல்லம்மா பிள்ளையை இறக்கிவிட்டு, கரையில் இழுத்துப் போட்டிருந்த செத்த வாத்துக் குவியலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "விசம்! தொடாதீங்க, விசம்! உங்க புள்ளைங்க செத்துப்பூடும்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் தடுத்திருக்காவிட்டால் அன்றைக்கு இன்னும் எத்தனை வீட்டில் எழவு விழுந்திருக்குமோ.

ஆதிநாராயணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அட பாவி, நேத்துதானேடா சொன்னேன்! கொடி நட்டு வெச்சிருந்தனே, எங்க? கொடி எங்கடா?"

தணிகாசலம் ஈரம் சொட்ட நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எல்லம்மாவும் பார்த்தாள். ஒரு நிமிஷம் போல அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு இலையும் அசையாத வெயிலில், திரும்பி ஆதிநாராயணனிடம் சொன்னாள்.

"காத்துல அடிச்சிகினு பூட்டிருக்கும்யா."

பொழுது சாய்வதற்குள் குழி தோண்டி மூடினார்கள். துளசிராமனுக்கு ஆள் போய், அவனும் வந்து மண்வெட்டி பிடித்தான். கரையேற்றின ஏழெட்டுப் பெட்டைகளும் வீடு வந்துசேருவதற்குள் வழியிலேயே விழுந்துவிட்டன. குடிசைக்குப் பின்னால் வலைப்பட்டி காலியாக நின்றது.

எல்லம்மா பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள், கை கால் கழுவிவிட்டாள். தணிகாசலம் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாங்கமுடியவில்லை.

"எல்லம்மா, நான்தான்..."

ஈரக்கையால் அவன் வாயைப் பொத்தினாள். அவள் கைக்கு அவ்வளவு பலம் உண்டென்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"சொல்லாத."

"இல்லமே, கேளு. சேவல மட்டும்தான்..."

"சொல்லாதன்றேன்ல! நீ சொன்னா அது நீ பண்ணதா ஆயிடும். நீ பண்ணதுன்னா எம்பட்டியில நாம கொன்னோம்னு ஆவும். வாக்கு போச்சுன்னு ஆவும்." குரலை இறக்கினாள். "நீ ஒண்ணும் பண்ணல. நான் ஒண்ணும் கேக்கல. ஆத்தா வந்தா, அல்லாத்தையும் எடுத்துக்கினா. புள்ளைக்குப் பதிலா எடுத்துக்கினா. இனிமே அவளுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல. புரியுதா?"

அவன் தலையாட்டினான்.

"கும்மிடிப்பூண்டியில கம்பெனி கட்டறாங்களே, மண்ணு தூக்க ஆள் எடுக்கறாங்களாம். காலீல அண்ணன்கூட போ."

"சரி."

"ஆத்தா எடுத்துக்கினா," என்றாள் மறுபடியும். "அவ்ளோதான். தீந்துச்சி."

அவள் அப்படிச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் மூச்சு விடமுடிந்தது. அவள் நம்புகிறாள், நம்பிக்கொண்டு இருக்கட்டும், தன் பாவம் தன்னோடு போகட்டும் என்று நினைத்தான். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தான்.

திறந்தபோது எல்லம்மா சிம்னி விளக்கைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தாள். பச்சையம்மாவின் கவுனைக் கழற்றிவிட்டாள். கையைத் தூக்கி அக்குளில் பார்த்தாள். காது மடலை மடக்கிப் பின்னால் பார்த்தாள். கண் இமையை மேலே இழுத்து உள்ளே பார்த்தாள். பழைய தழும்பு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, புதுசா பழசா என்று தடவித் தடவிப் பார்த்தாள். நெற்றியில் கையை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். தணிகாசலத்துக்கு அப்போதுதான் புரிந்தது, அவளும் தான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்று.

"இன்னாம்மா தேடுற?" என்றது பிள்ளை.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள் எல்லம்மா. "அந்தப் பக்கம் திரும்பு."